இன்று யானை இல்லை

கணபதி, கோயமுத்தூர்
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை யானை வந்தபோது, பெண் வீட்டு ஒறம்பரை அத்தனை பேரையும் வாசலில் விட்டுவிட்டு உங்கள் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது நான்தான். காற்றுக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று நான் சொன்னது பொய். வெளியே யாரோ தட்டினார்கள். "ஆள் இருக்குதுங்க" என்று பதிலும் சொன்னேன். தட்டியது நித்யஸ்ரீ என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரனைக் கட்டிக்கொள்ளலாமா என்று பார்க்க சோமனூரிலிருந்து கிளம்பி வந்த பெண்ணிடம் நான் தனியாகப் பேசிய முதல் வாக்கியம், "ஆள் இருக்குதுங்க."

இது எல்லோருக்கும் தெரிந்த அவமானம். கணபதி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நேற்று டீ மாஸ்டர், "ஏனுங்க, யானை எப்படிங்க, பக்கத்துல பாக்க அழகா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். நான் பார்த்தது உங்கள் வீட்டு நீல பக்கெட்டை மட்டும்தான் என்று எப்படிச் சொல்ல?

உங்களுக்குத் தெரியாத அவமானம் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கடிதம். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். மச்சானுக்கு அடித்தால், "அவ பக்கத்துல இருக்கறா" என்று உளவாளி மாதிரி கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுகிறார்.

யானை காரின் பின்கதவை வளைத்து, மாப்பிள்ளை வீட்டுக்கென்று அவர்கள் கொண்டுவந்திருந்த வாழைத்தாரையும் வெல்லத்தையும் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போன பிறகு, நித்யஸ்ரீயின் பெரியப்பா மோட்டார் ரூம் கூரையிலிருந்து இறங்கினார். வேட்டி கூரையிலேயே தங்கிவிட்டது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, "யானை இல்லைன்னு சொன்னதாலதானுங்க நாங்க வந்தோம்! என்னங்க இது?" என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் கையில் பக்கெட்டோடு வெளியே வந்திருந்தேன். பக்கெட்டை எதற்கு எடுத்து வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததுதான் அந்த வார்த்தை. "வெப்சைட்டுல அக்காதானுங்க தினமும் மாத்தோணும். இன்னைக்கு மறந்துபோட்டாங்களாட்டம் இருக்குது."

எல்லா முகமும் உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் காப்பித் தட்டோடு நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அன்றைக்கு என்னை அறைந்திருந்தால் நான் இந்த வாரம் சோறு தின்றிருப்பேன்.

உண்மை இதுதான். போன வருஷம் ஆடியில், தோட்டத்தில் இரண்டு அறை கட்டி டவுன்காரர்களைத் தங்க வைக்கப்போகிறோம், ஒரு வெப்சைட் போட்டுக் கொடு என்று கேட்டீர்கள். கூடவே ஒன்று சொன்னீர்கள்: "முகப்புல ஒரு பெட்டி வெச்சுக் குடு கண்ணு. இன்னைக்கு யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு நானே எழுதறேன். வர்றவங்க பாத்துப்போட்டு வரட்டும்." தொண்டாமுத்தூரில் இருந்துகொண்டு இதைவிட நியாயமாக யாரும் வெப்சைட் கேட்டிருக்க முடியாது.

எங்கள் தொழிலில் வெப்சைட்டின் சட்டத்தை தீம் என்போம். அதில் பெட்டிகளை இரண்டு விதமாக வைக்கலாம். விட்ஜெட் என்றால் இடத்தை மட்டும் ஒதுக்கிவிடுவது. சொந்தக்காரர் உள்ளே நுழைந்து தனக்கு வேண்டியதை எழுதுவார், அழிப்பார். ஹார்டுகோடு என்றால் எழுத்தை தீமுக்குள்ளேயே கல்வெட்டு மாதிரி பொறித்துவிடுவது. மாற்ற வேண்டுமானால் உளியோடு நான்தான் வரவேண்டும்.

நான் ஹார்டுகோடு கட்சி. கேட்டால், "கஸ்டமர் கையில் குடுத்தா கெடுத்துருவாங்க" என்பேன். ஆதாரமும் உண்டு. இங்கே ஒரு பம்புசெட் முதலாளிக்கு விட்ஜெட் வைத்துக் கொடுத்தேன். மறுவாரம் பேரன் காதுகுத்துப் படத்தை முகப்பில் ஏற்றிவிட்டார். அழுகிற குழந்தைக்குக் கீழே 'ஐந்து குதிரைத் திறன், இரண்டு வருட உத்தரவாதம்' என்று இருந்தது. இதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். நிஜக் காரணம் அதுவல்ல. பொறித்து வைத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். "திருமூர்த்தி, நீங்க வந்தாத்தானுங்க ஆகும்" என்பார்கள். சாயங்காலம் லேத் பட்டறைக்கு மேலே தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த போன் ஒரு போதை.

உங்கள் யானைப் பெட்டியையும் அப்படியே பொறித்துவிட்டேன். "இன்று யானை இல்லை. நிம்மதியாக வாங்க!" பக்கத்தில் சிரிக்கிற குட்டி யானை. பாஸ்வேர்டைக் கையில் கொடுத்து, "உள்ளே போனா பெட்டி இருக்கும், நீங்களே மாத்திக்கலாம்" என்று சொன்னேன். வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் வருஷா வருஷம் பணம் கட்டி முகவரியைப் புதுப்பிப்பது, மற்ற சில்லறை வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் யானையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய இவனாட்டம் பேசினேன்.

உள்ளே பெட்டியே கிடையாது, அக்கா. நீங்கள் மறக்கவில்லை. மாற்ற வழி இல்லை. அது தெரிந்தேதான் அத்தனை பேர் முன்னால் உங்கள் பேரைச் சொன்னேன்.

போனை எடுங்கள். திட்டுவதற்காகவாவது எடுங்கள்.

இப்படிக்கு,
திருமூர்த்தி


தொண்டாமுத்தூர்
17 நவம்பர் 2025

திருமூர்த்திக்கு,

என்னை நீங்கள் போட்டு எழுதாதே. பேங்க் மேனேஜருக்கு எழுதின மாதிரி இருக்கிறது. தப்புப் பண்ணினால் மட்டும் உனக்கு மரியாதை பொத்துக்கொண்டு வரும்.

குளியலறைக் கதவைத் தட்டியது அந்தப் பெண் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் நான் தட்டினேன். எனக்கும் "ஆள் இருக்குதுங்க" என்றுதான் சொன்னாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு 'ங்க' போட்டாயே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மச்சான் சத்தம் போட்டுப் படித்தார். பம்புசெட்காரர் கதையில் சிரித்தார். அதற்கு அடுத்த பக்கத்தில் நிறுத்திவிட்டு, "மீதியை நீயே படிச்சுக்க அம்மணி" என்று கொடுத்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியை நான் எத்தனை நாள் தேடியிருப்பேன் தெரியுமா உனக்கு? சாயங்காலம் வேலை எல்லாம் முடிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி உள்ளே போவேன். மேலே போவேன், கீழே போவேன். எதையோ அழுத்தினால் எதுவோ வரும். பயந்துகொண்டு வெளியே வந்துவிடுவேன். மச்சான், "ஏனம்மணி, யானையைக் காட்டுல தேடாம செல்லுல தேடறயா?" என்பார். உன்னைக் கேட்கலாம் என்றால், "அதாங்க்கா, உள்ளே போனா இருக்குமே" என்று நீ சொன்ன தோரணை ஞாபகம் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிவது நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கம். இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

இல்லாத பெட்டியைத் தேட விட்டிருக்கிறாய். அதுவும் நான் மட்டி என்று என்னையே நம்ப வைத்து. யானை வந்து வளைத்த கார் கதவை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பட்டறையில் நிமிர்த்திவிட்டார்களாம். இதை எந்தப் பட்டறையில் நிமிர்த்துவாய்?

அன்றைக்கு நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று கேட்காதே. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இந்தக் கல்யாணம் கூடி வந்தால் நல்லபடியாகச் செய்துகொள். கூடப் பிறந்தவளாக இணைச்சீருக்கு நிற்க என்னை எதிர்பார்க்காதே. சித்தப்பா மகள் அன்புச்செல்வி இருக்கிறாள். அவளை நிற்க வை.

பூவாத்தாள்


கணபதி
27 நவம்பர் 2025

அக்கா,

ஐந்தாவது தடவை எழுதுகிறேன், நான்கைக் கிழித்துவிட்டேன். முதலில் நல்ல சேதி. கெட்டது நடுவில் வரும், தாண்டிவிடாதே.

நித்யஸ்ரீ போன் பண்ணினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்து எழுந்து நின்று எடுத்தேன். "பயந்தது பரவால்லீங்க. எங்க பெரியப்பா கூரை மேலேறி வேட்டியையே உட்டுப்போட்டு எறங்குனாரு. அக்கா பேரைச் சொன்னீங்களே, அதுதான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவங்களுக்கு அதை மாத்த வழி இருந்துச்சுங்களா?" என்றாள். இல்லை என்று சொன்னேன். பிறகு, "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என் பேரையும் இப்படித்தான் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "யார் முன்னால அவங்க பேரைச் சொன்னீங்களோ, அவங்க முன்னால வந்து மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே சோமனூர் போனேன். பெரியப்பா தறிக்கூடத்தில் இருந்தார். உனக்குத் தெரியுமே, இருபது விசைத்தறி ஓடுகிற கூடத்தில் பேசுவதென்றால் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரிதான். "அக்கா மறக்கலைங்க" என்றேன். "என்னங்க?" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் கை வைத்துக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா மேல தப்பில்லைங்க! நான்தான் பொய் சொன்னேன்! நான் ஒரு பொய்யன்!" என்று நான் தொண்டை கிழியக் கத்திய அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. தறிகள் அத்தனையும் நின்றன. 'பொய்யன்' மட்டும் கூடத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தது. எதிர்வீட்டுத் தின்பண்டக் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா என் தோளில் கை வைத்து, "போதுங்க மாப்ள. காதுல உழுந்துருச்சு. சோமனூருக்கே உழுந்துருச்சு" என்றார்.

மாப்பிள்ளை என்று சொன்னார், கவனித்தாயா?

தை கடைசி முகூர்த்தம், காரமடையில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம் என்று பேசிவிட்டார்கள். கல்யாணத்தை நடத்தித் தரும் அருமைக்காரரைப் போய்ப் பார்த்தேன். "இணைச்சீருக்கு யாருங்க நிக்கறது? கூறைச்சேலையோட ஒரு முனை உங்ககிட்ட, ஒரு முனை கூடப் பொறந்தவ கையில இருக்கோணுமில்ல" என்றார். அக்காவுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் என்று இழுத்தேன். "அதனால என்னங்க, பங்காளி வீட்டுப் பொண்ணு ஆரையாச்சும் நிக்க வெச்சுக்கலாம்" என்றார். "இல்லைங்க, அது விட்ஜெட் இல்லைங்க, ஹார்டுகோடு" என்று சொல்லிவிட்டேன். "அது எந்தக் கூட்டமுங்க? நான் கேள்விப்பட்டதில்லையே" என்று ஒவ்வொரு குலமாக எண்ணி யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

உன் யானைப் பெட்டியையும் விட்ஜெட்டாக மாற்றிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் இருக்கிற பிரதியில் அருமையாக ஓடுகிறது. தினமும் காலையில் ஒருமுறை திறந்து, 'யானை வாய்க்கால் பக்கம்', 'யானை வாழைத்தோப்பில்' என்று நானே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து உன் வெப்சைட்டில் ஏற்றுகிறேன்.

பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். அம்மா அப்பா இல்லாத வீட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அழைப்பவர் இடத்தில் முதல் பேர் உன் பேர்தான், மச்சான் பேர்கூட இரண்டாவதுதான். 'இணைச்சீர்: பூவாத்தாள்' என்று தங்க எழுத்தில் தனி வரியே போட்டிருக்கிறேன். பார்த்தால் உனக்குக் கோபம் பறந்துவிடும்.

தம்பி


தொண்டாமுத்தூர்
12 டிசம்பர் 2025

திருமூர்த்தி,

பத்திரிகை வந்தது.

மச்சான், "அட, எம்பேரு சின்னதா இருந்தாலும் இருக்குது" என்றார். நான் இரண்டு நாள் அதை டிவி மேல் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் பறக்கிறதா என்று பார்த்தேன்.

நான் வரமாட்டேன் என்று எழுதினேன். நீ அடித்துவிட்டாய். வருகிறாயா என்று கேட்டாயா? ஒரு வரி? அருமைக்காரரிடம் கேட்டிருக்கிறாய், அச்சாபீஸ்காரரிடம் என்ன எழுத்து, என்ன கலர் என்று கேட்டிருப்பாய், அந்தப் பெண்ணின் பெரியப்பாவிடம் சோமனூருக்கே கேட்கக் கத்தியிருக்கிறாய். என்னிடம் மட்டும் கேட்க வேண்டாம். ஏன்? அக்கா என்றால் இருப்பாள். சொன்னால் வருவாள், நிறுத்தினால் நிற்பாள். பொறித்தாகிவிட்டது.

நீ ஏதோ பெருமையாக எழுதியிருக்கிறாய், நான் ஹார்டுகோடு என்று. அது எனக்குப் பெருமை என்று நினைத்தாயா? நீ முதல் கடிதத்தில் விளக்கினதை நான் நன்றாகத்தான் படித்தேன். பொறித்து வைத்தால் சொந்தக்காரி உள்ளே நுழைந்து தன் இஷ்டப்படி ஒன்றும் மாற்ற முடியாது. எங்கள் பேர் போட்ட பக்கத்தில் நான் ஒரு வார்த்தை எழுத முடியாதபடி வைத்தாய். இப்போது என் பேர் போட்ட பத்திரிகையிலும் அதையே செய்திருக்கிறாய். 'அன்புள்ள அக்கா' என்று நீ எழுதுவதும் அந்தப் பாஸ்வேர்டு மாதிரிதான். உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கென்று ஒரு பெட்டியும் இல்லை.

அந்தப் பெண் உன்னைவிடப் புத்திசாலி. அவளுக்காகக் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். மார்கழி பிறக்கப்போகிறது. இனிமேல் எழுதாதே.

பூவாத்தாள்


கணபதி
28 டிசம்பர் 2025

அக்கா,

எழுதாதே என்றாய். இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டிருந்தால் அதுவும் நியாயம்தான்.

உன் கடிதத்தை நித்யஸ்ரீயிடம் போனில் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இருமல் என்று சொன்னேன். "இருமுங்க, இருமுங்க, நான் இருக்கறேன்" என்றாள். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, என்னைக் கேக்காம பத்திரிகையில என் பேருக்குப் பின்னால ரெண்டு டிகிரி சேர்த்துப் போட்டிருந்தீங்களே, அப்பவே நான் சொல்லியிருக்கோணும்" என்றாள். அவள் படித்தது ஒரு டிகிரிதான். அச்சாபீஸில் இடம் காலியாகத் தெரிந்தது, நான் நிரப்பிவிட்டேன். எனக்குக் காலி இடம் கண்டாலே ஆகாது, அக்கா. அதில் வேறொருவர் ஏதாவது எழுதிவிடுவாரோ என்று பயம்.

அன்றைக்கு உன் பேரை ஏன் சொன்னேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்தது என்று எழுதினேன். இல்லை. பெரியப்பா கத்தியபோது ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் எல்லா முகத்தையும் பார்த்தேன். மச்சான் பேரைச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார். காடு காவல் பார்க்கிற மாசாணம் பேரைச் சொன்னால் மறுநாளே வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். என் பேரைச் சொன்னால் பெண் போய்விடும். எதைச் சொன்னாலும் என்னை விட்டுப் போகாத ஆள் என்று அங்கே ஒருத்திதான் நின்றாள், கையில் காப்பித் தட்டோடு. அதனால் சொன்னேன். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். குளியலறையில் தாழ்ப்பாள் போடவில்லை.

பழைய பத்திரிகைக் கட்டுகளை அச்சாபீஸிலேயே திருப்பி இறக்கிவிட்டேன். அச்சாபீஸ்காரர், "ஏனுங்க, கல்யாணம் நின்னுபோச்சுங்களா?" என்று எவ்வளவு பிரியமாகக் கேட்டார் தெரியுமா? சாயங்காலத்துக்குள் கணபதி முழுவதும் நின்றுவிட்டது. டீ மாஸ்டர் காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துக்க வீட்டுக் கணக்கு.

புதிதாக ஒரு மாதிரித் தாள் இதோடு இருக்கிறது. அழைப்பவர் இடத்தில் ஒன்றும் இல்லை. இணைச்சீர் என்ற வரியில் பேர் இல்லை. காலியாக விடுவது நித்யஸ்ரீ சொன்ன யோசனை. கேட்பது என் வேலை என்று விட்டுவிட்டாள்.

கேட்கிறேன். அக்கா, என் கல்யாணத்துக்கு வருகிறாயா? இணைச்சீருக்கு நிற்கிறாயா? மாட்டேன் என்றால் அந்த வரியில் ஒரு கோடு போட்டு அனுப்பு. அன்புச்செல்வி பேரை எழுத வேண்டும் என்றால் நீயே எழுது. ஒன்றும் எழுதாமல் வைத்துக்கொண்டாலும் சரி, எனக்குப் புரியும். தை முகூர்த்தம் போய்விடுமே என்று நான் பதறினேன். அதற்கு நித்யஸ்ரீ, "அக்கா வர்ற முகூர்த்தம் எதுவோ அதைப் பாத்துக்கலாமுங்க. இத்தனை வருசம் நிக்கலையா நீங்க, இன்னும் நாலு மாசம் நில்லுங்க" என்கிறாள். பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வயசு நாப்பத்தஞ்சு. இதுல தள்ளி வேற வெக்கறாராமா மாப்ள" என்று சோமனூரில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

திருமூர்த்தி


தொண்டாமுத்தூர்
8 ஜனவரி 2026

திருமூர்த்தி,

மாதிரித் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இணைச்சீர் வரியில் என் பேரை நானே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. அதற்காக அச்சாபீஸில் தங்க எழுத்து, பூ, மயில் எதுவும் சேர்க்காதே. நான் எழுதினது எவ்வளவோ அவ்வளவுதான். அழைப்பவர் இடத்தில் மச்சான் பேரை முதலில் எழுதிவிட்டேன். மனுஷன் இரண்டு நாளாகப் புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க அலைகிறார்.

மண்டபத்துக் குளியலறைச் சாவி எல்லாம் அன்றைக்கு மச்சான் இடுப்பில் இருக்கும். தாலி கட்டின பிறகுதான் உனக்குக் கிடைக்கும்.

நீ கணக்குப் போட்டுச் சொன்னேன் என்று எழுதினதைப் படித்துவிட்டு மச்சானிடம்கூடப் பேசாமல் வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபத்தில் இல்லை. நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன். இணைச்சீரில் ஆளுக்கு ஒரு முனை பிடிக்கும்போது உள்ளே இது கிடக்கக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மாசாணம் வந்து சொன்னார். "அம்மணி, வாய்க்கால்மேட்டுல யானை லத்தி கெடக்குதுங்க. தொட்டுப் பாத்தேன், சூடு ஆறலை. இக்கட்டாலதான், நம்ம பக்கமே எங்கயோ நிக்குது." நான் சரி என்று கேட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் பெரியப்பா போன் பண்ணினார். "ஏனுங்க அம்மணி, உங்க பக்கம் யானை நடமாட்டம்னு சொல்றாங்களே. வேணும்னா இன்னொரு நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

இன்னொரு நாள் என்று சொன்ன பெண் வீட்டார் யாரும் திரும்பி வந்ததில்லை, உனக்குத் தெரியும். பல்லடத்துக்காரர்கள் அப்படித்தான் போனார்கள். அன்னூர்க்காரர்களும் அப்படித்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இன்னைக்கு யானை இல்லீங்க. நிம்மதியா வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதாலதான் வந்தோம் என்று அவர் கத்தினாரே, அது என்னைப் பார்த்து. நீதான் அதற்குள் குறுக்கே விழுந்து வெப்சைட், மறந்துபோட்டாங்க என்று என்னவோ சொன்னாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேசினால் போன் பேச்சு வெளியே வரும், பேசாவிட்டால் மறதிக்காரி என்பதோடு போகும் என்று நின்றேன். உன் மேல் எவ்வளவுக்கெவ்வளவு கோபமாக இருந்தேனோ அவ்வளவுக்கவ்வளவு அதைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிந்தது. நீ அந்தத் தறிக்கூடத்தில் பொய்யன் என்று கத்தினபோது பெரியப்பா ஏன் உன் தோளில் கை வைத்தார் என்று இப்போதாவது தெரிகிறதா? யார் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியும். நேற்றுப் போன் பண்ணி அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "நீங்க சொல்லலீன்னா நாங்க வந்திருக்க மாட்டோம் அம்மணி. வந்தது நல்லதாப் போச்சு. வேட்டிதான் போச்சு" என்றார்.

பொங்கலுக்கு வா. நித்யஸ்ரீயைக் கூப்பிட்டுச் சேலை எடுக்கப் போக வேண்டும். என்ன கலர் என்று அவளையே கேள். நீ எடுத்து வைத்துவிடாதே.

கடைசியாக அந்த விட்ஜெட் விஷயம். அதை ஏற்ற நல்ல நாள் எதுவும் பார்க்க வேண்டாம். புதுப்பிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாயே, அந்த முகவரியைப் போன ஆடிப்பெருக்குக்குப் பிறகு நீ ஒரு தடவையாவது தட்டிப் பார்த்தாயா? ஆடியிலிருந்து அதில் நம் தோட்டம் வருவதில்லை. யாரோ செருப்பு விற்கிறார்கள். நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோய் உன்னிடம் சொல்லவில்லை. செருப்பு மோசமில்லை. தீபாவளிக்கு மச்சானுக்கு ஒரு ஜோடி வரவழைத்தேன். அளவு சரியாக இருக்கிறது.

அக்கா